நாற்பதாவது ஆள்

எழுபதுகளின் பிற்பாதி. காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரசுக் கலைக் கல்லூரி. அங்கே நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது எங்கள் வீட்டார் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டது. கல்லூரியின் வருகைப் பதிவேட்டைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

ஆண்டுக்கு ஒரு பரீட்சை என்பது போய் செமஸ்டர் முறை புதிதாக வந்திருந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வகுப்பில் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். குறைந்தால் காண்டொனேஷன் ஃபார்ம் என்று ஒன்று உண்டு. வராததற்குக் காரணம் எழுதி, ஆதாரம் இணைத்துக் கொடுத்தால், முதல்வர் சிபாரிசு செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். அவர்கள் மன்னித்தால் ஹால் டிக்கெட் வரும். ஃபார்ம் ஆங்கிலத்தில் இருக்கும். நாங்களோ தமிழ் மீடியம். ஊர் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து அரைகுறை ஆங்கிலம் சேர்த்துவைத்திருந்த எனக்கு, வகுப்பின் ஆஸ்தான ஃபார்ம் எழுத்தர் என்ற பதவி தானாக வந்து சேர்ந்தது. என் பேனா முனையில் உயிரை விட்ட பெரியப்பாக்களும் மாமாக்களும் ஏராளம். ஒரு பெரியப்பா இரண்டு முறை செத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. அப்பாவுக்கு ஐந்து வேலி நிலம், முப்பது ஏக்கருக்கு மேல். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அதில் பாதி அத்தை பேரிலும், எட்டு வயதுத் தங்கை பேரிலும், காசியில் செட்டிலான சித்தப்பா பேரிலும் இருந்தது. பசுமாட்டின் பேரில் மட்டும்தான் எழுதவில்லை. "காலேஜ் சீட்டப் பிரிச்சுக் குடுக்கறான், நெலத்தப் பிரிச்சுக் குடுக்கறான், இனிமே வீட்டுக்குள்ள வந்து எலையையும் பிரிச்சுக் குடுப்பான்" என்று அப்பா தினம் சாப்பிடும்போது சொல்வார். அதையே கொஞ்சம் இலக்கியத் தமிழில் மாற்றி நான் கல்லூரி மரத்தடியில் சொல்வேன். தகுதி, திறமை என்று நான் முழங்கியதைக் கேட்டவர்கள், என் சீட்டே பிற்பட்டோர் ஒதுக்கீட்டில் வந்தது என்பதை நினைத்திருக்கவே மாட்டார்கள். நானே நினைத்ததில்லை.

அந்தப் புரட்டாசியில் நான் தங்கியிருந்த அறைக்கு அப்பாவிடமிருந்து ஆள் வந்தது, உடனே புறப்பட்டு வா என்று. சம்பா நடவு.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் நடவு என்றால் கூடவே சண்டையும் உண்டு. கூலிச் சண்டை, சங்கக் கொடிச் சண்டை, எல்லாவற்றுக்கும் மேலே வெளியாள் சண்டை. உள்ளூர்க்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்டால் மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்புறம் போலீஸ் வேன் வரும். கடைசியில் இரு தரப்பும் தாசில்தார் முன்னால் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிலத்தின் அளவுக்கு இத்தனை கை என்று முதலிலேயே பேசிவிடுவது. விடிகிற நேரத்தில் அத்தனை பேரும் வயலுக்கு வந்துவிட்டால் வேலை உள்ளூர்க்காரர்களுக்கு. ஒரு ஆள் குறைந்தாலும் அந்த வருஷ நடவுக்கு மிராசு வெளியாளை இறக்கிக்கொள்ளலாம். ஆற்றுக்கு அக்கரையில், வேறு கிராமத்தில் இருந்த எங்கள் நிலத்துக்குப் பேசியது நாற்பது கை.

அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு லாரி ஆட்களுக்குச் சொல்லிவைத்துவிட்டுத் தயாராக இருந்தார். என் வேலை, விடியலில் வரப்பில் நின்று தலை எண்ணுவது.

"எக்கனாமிக்ஸ்தானடா படிக்கிற? எண்ணு. முப்பத்தொம்பதுன்னு ஒரு நாள் வந்தாப் போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

பத்து நாள் எண்ணினேன். தலை எண்ணுவது என்று பேர்தானே ஒழிய, நான் எண்ணியது முதுகுகளை. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுகிற நாற்பது முதுகுகள். கையில் இருந்த பொருளாதார நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு தினமும் நாற்பது என்று எழுதினேன். அந்த நோட்டில் நான் முழுதாக எழுதிய ஒரே பக்கம் அதுதான். ஒரு நாள் நாற்பத்தொன்று வந்து, குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். முன்னால் நின்ற நடவுக்காரப் பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சின்னய்யா, ஒங்க நெழலையும் சேத்து எண்ணிப்புட்டீங்களா?"

வயல் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரோஷம். அப்பா குரலில் ஏதாவது அதட்டியாக வேண்டும். கடைசியில் நடுகிற ஆளின் வரிசை கொஞ்சம் வளைந்திருந்தது.

"ஏய் கடைசி ஆளு! நடவா இது, பாம்பு ஊர்ந்த தடமா?"

கடைசி முதுகு நிமிரவில்லை. பெரியம்மாதான் பதில் சொன்னார். "அது புதுக் கைங்கய்யா, பழகிடும். வேணும்னா நீங்க எறங்கி ஒரு மொழம் நேரா நட்டுக் காட்டுங்க, பாத்துக் கத்துக்கறோம்." மறுபடியும் சிரிப்பு. நான் மிராசுத் தோரணையோடு நோட்டைத் திறந்து, 'கடைசி ஆள் நடவு கோணல். எச்சரித்தாயிற்று' என்று எழுதிவைத்தேன். அந்த வரலாற்று ஆவணத்துக்குப் பிற்பாடு என்ன நேரப்போகிறது என்று அப்போது தெரியாது.

முப்பத்தொன்பது கடைசிவரை வரவில்லை. பட்டுக்கோட்டை லாரியும் வரவில்லை. அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார், எண்ணத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல.

கல்லூரிக்குத் திரும்பியபோது காண்டொனேஷன் சீசன் களைகட்டியிருந்தது. எனக்கே பெரிய பள்ளம். மேட்னி ஷோக்கள் பாதி, வரப்பு பாதி. டவுனில் ஒரு டாக்டர், கேட்டவர்களுக்கெல்லாம் சர்டிபிகேட்டில் மஞ்சள் காமாலை கொடுப்பார். என்னையும் சேர்த்து ஏழு பேர் சொல்லியிருந்தோம். ஃபார்ம்களை நான் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது பெஞ்சுப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து தன் ஃபார்மை நீட்டினார். அன்று மனசுக்குள் 'அவள்'தான். இன்று கை 'அவர்' என்றுதான் எழுதுகிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒன்றரை வருஷமாக ஒரே வகுப்பில் இருந்தும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏதோ ஒரு கிராமத்துக் காலனியிலிருந்து ஒதுக்கீட்டில் வந்தவர், அந்தத் தெருவிலிருந்து கல்லூரி வந்த முதல் ஆள், அரசு மாணவியர் விடுதியில் தங்கியிருக்கிறார். இதுவும் மற்ற பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்ததுதான். செமஸ்டர் போனால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் விடுதியில் இடமில்லை. விடுதி இல்லையென்றால் படிப்பு அதோடு முடிந்தது. என்னைப்போல அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

"ஏற்கெனவே போட்ட லீவோட இந்தப் பத்து நாளும் சேந்து கொறையுதுங்க. நடவுக்குப் போயிட்டேன். அதையே இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

"நடவுன்னு எழுதினா குப்பைல போட்டுடுவாங்க."

"அதாங்க காரணம். வேற என்ன எழுதறது?"

எந்த ஊர், எந்த வயல் என்று கேட்கத் தோன்றவில்லை. சரி, சரி, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க என்றேன். அவர் போனதும் காரணம் என்ற இடத்தில் 'ஜாண்டிஸ்' என்று அழகாக எழுதினேன். டாக்டரிடம் ஒரு காமாலை கூடுதலாக வாங்கி இணைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவு. அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் எட்டுப் பேரையும் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். ஐப்பசி மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சிரிக்காமல் வேடிக்கை பேசுகிறவர். அந்த வகை ஆட்கள்தான் ஆபத்து. எட்டு ஃபார்ம்களையும் மேஜையில் சீட்டு மாதிரி பரப்பினார். பக்கத்தில் தலைமைக் கிளார்க், வருகைப் பதிவேட்டோடு.

"ஒரே டாக்டர், ஒரே தேதி, ஒரே கையெழுத்து. எட்டுப் பேருக்கும் சேத்து ஒரே கல்லீரலாப்பா?"

அவர் பார்வை அந்தப் பெண்ணிடம் நின்றது.

"ஒனக்கும் காமாலையாம்மா?"

"இல்லீங்க சார். நடவு."

"இங்க காமாலைன்னுல்ல இருக்கு?"

அந்தப் பெண் ஃபார்மை எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. எழுதியது இவர்தான் என்று அவர் என் பக்கம் விரலை நீட்டினால் என் கதை முடிந்தது. நீட்டவில்லை.

"அது நான் எழுதினது இல்லீங்க சார். ஆனா கையெழுத்து என்னுது. படிச்சுப் பாக்காம போட்டது என் தப்பு."

"யாரு எழுதினது?"

"அத விடுங்க சார். என்னுதுக்கு நான் பதில் சொல்றேன்."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நடவுக்கெல்லாம் ரூல்ல எடம் இல்லம்மா. நோய்க்கு உண்டு, என்.சி.சி. கேம்ப்புக்கு உண்டு, காலேஜுக்காகப் பந்து ஆடினா உண்டு. ஏம்மா, நீ ஒருத்தி போகலைன்னா நடவு நின்னு போயிடுமா?"

"நின்னுடும் சார்" என்றார் அவர்.

பிறகு நிதானமாகச் சொன்னார், வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல: எங்கள் ஊர் நடவுக்கு நாற்பது கை பேச்சு. எண்ணிக்கையில் அம்மாவும் ஒருத்தி. நடவுக்கு முந்தின வாரம் அம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. முப்பத்தொன்பதாகப் போனால் வெளியாள் இறங்கிவிடுவான். அப்புறம் அந்த முப்பத்தொன்பது வீட்டுக்கும் வேலை இல்லை. அதனால் அம்மா இடத்தில் நான் போனேன் என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதல்வர் அறையின் தரை ஈரமாகிக் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் இறங்குவதுபோல இருந்தது.

"யாரு மிராசு?"

"பேரு வேணாங்க சார். அடுத்த வருசமும் எங்காளுங்க அங்கதான் நடணும்."

"அப்ப யாருகிட்ட சாட்சி கேக்கறது? நீ அங்க இருந்தத மிராசு தரப்புல யாராவது பாத்தாங்களா?"

"தெனமும் பாத்தாங்க சார். எண்ணி எண்ணிப் பாத்தாங்க. மொகத்தத்தான் பாக்கல."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. என்னிடமிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு, திரும்பவே இல்லை. ஒரு பார்வை போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். பத்து நாள் நான் வரப்பில் நின்றதும், அதட்டியதும், காமாலை எழுதியதும். தன் படிப்பே போகிற நிலையிலும் அந்த ஒரு பார்வையை அவர் பார்க்கவில்லை.

அப்போது நான் வீரத்தோடு எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தோம். ஒரே ஒரு நோட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்வதுதான் அன்றைய மாணவ லட்சணம். அந்தச் சுருட்டலைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முதல்வரின் மேஜையில் வைத்தேன். வைத்த அவசரத்தில் மைக்கூடு சாயப் பார்த்தது.

"எண்ணினது நான்தான் சார்."

முதல்வர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பத்து தேதிகள், பத்து நாற்பது. ஆறாம் நாளுக்கு எதிரே என் எச்சரிக்கை. கிளார்க்கிடமிருந்து வருகைப் பதிவேட்டை வாங்கி இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். அதே பத்து நாள், வகுப்பில் அந்தப் பெண் இல்லை. நானும் இல்லை.

"கடைசி ஆள் நடவு கோணல். இந்தக் கடைசி ஆள் யாரு?"

"நாந்தாங்க சார்" என்றார் அவர்.

"காலேஜுக்கு வராத நாளுக்கும் இவ்வளவு சுத்தமா அட்டெண்டன்ஸ் எடுத்த ஒரே ஸ்டூடண்ட் நீதாண்டா" என்றார் முதல்வர் என்னிடம். பிறகு மற்ற ஆறு பேரைப் பார்த்து, "நீங்க அவங்கவங்க கல்லீரலத் தூக்கிக்கிட்டு வெளில போங்க. நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். போனார்கள்.

நான் இன்றுவரை மறக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததை.

முதல்வர் அந்தப் பெண்ணின் ஃபார்மை மட்டும் தனியே எடுத்தார். குரல் மாறியிருந்தது. "இந்தாம்மா, உள்ளதச் சொல்றேன். காமாலைன்னு இந்த ஃபார்ம நான் அப்படியே அனுப்பினா, யூனிவர்சிட்டில ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அடுத்த வாரம் ஹால் டிக்கெட் வந்துடும். நீ படிக்கிற பொண்ணு, ஒனக்காக நான் கண்ண மூடிக்கறேன். நடவுன்னு அனுப்பினா, ரூல்ல இல்லைன்னு திருப்பினாலும் திருப்பிடுவாங்க. திருப்பினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எது வேணும்?"

நானாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் காமாலை என்றிருப்பேன். காமாலை போதாதென்றால் காலராவும் வாங்கியிருப்பேன். சொல்லிடுங்க, காமாலைன்னு சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவருக்காக மட்டுமா, என் பாரம் குறையவா, தெரியவில்லை.

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். பயந்திருந்தார். அது நன்றாகவே தெரிந்தது. பிறகு சொன்னார்:

"நடவுன்னே அனுப்புங்க சார். வர்ற வருசம் எங்க தெருவுலேர்ந்து ரெண்டு புள்ளைங்க இங்க சேரப் போவுதுங்க. அதுங்களுக்கும் வருசா வருசம் காமாலதான் வரணுமா?"

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒதுக்கீடு, தகுதி, சலுகை என்று நான் மரத்தடியில் பேசிய பேச்செல்லாம் அந்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. இவருக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு சீட்டு. அதில் தான் மட்டும் உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கவே இவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அதே அரசாங்கம்தான் சீட்டுக் கொடுத்தது. நான் அதில் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

முதல்வர் அந்த ஃபார்மைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஃபார்ம் எடுத்தார். காரணம் என்ற இடத்தில் நடவு என்று தன் கையாலேயே எழுதினார். கீழே நாலு வரி சிபாரிசு. என் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி, எண்ணியவன் என்று அதில் கையெழுத்து வாங்கி, குண்டூசியால் சேர்த்துக் குத்தினார். என் ஃபார்மை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஒனக்கு எந்த நோயும் இல்ல. வரப்புல நிக்கறதுக்கு ரூல் எழுத நானும் சொல்ல மாட்டேன்."

அந்த செமஸ்டர் எனக்குப் போயிற்று. விஷயம் வீட்டுக்குத் தெரிந்து அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் பேசாத அந்த மாதம் நான் நிறையப் படித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மற்றவர்களுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அவருக்கு வரவில்லை. தினமும் அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். பரீட்சை எழுதாத நானும் தினமும் தூண் பக்கத்தில் நின்று, அவர் போன பிறகு போவேன். முதல் நாள் பரீட்சைக்கு முந்தின பிற்பகல், கிளார்க் உள்ளேயிருந்து ஒரு கவரை ஆட்டிக்கொண்டே வந்தார். சிறப்பு நேர்வாக ஏற்கப்பட்டது என்று ஒற்றை வரி. கூடவே ஹால் டிக்கெட்.

ஜன்னலில் நின்ற அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தார். திரும்பியபோது தூணுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றரை வருஷத்தில் நான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். மன்னிச்சுக்கங்க என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவ்வளவு புத்தகம் படித்து என்ன பிரயோஜனம்.

"மன்னிக்கறது இருக்கட்டும்" என்றார். "அந்தக் கோணல்னு எழுதினத மட்டும் அடிச்சுட்டுக் குடுத்திருக்கலாம்ல? யூனிவர்சிட்டி வரைக்கும் போயிடுச்சு என் நடவு." சொல்லிவிட்டுச் சிரித்தார். படிக்கணும் என்று சொல்லி, விடுதியைப் பார்த்து வேகமாக நடந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு அவர் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் கல்லூரி ஆபீஸில், காரணம் விவசாய வேலை என்று எழுதிய ஃபார்ம்களை முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாமே ஏற்கப்பட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பினார்கள்.

இப்போது எனக்கு அறுபதைத் தாண்டிய வயது. பொய் சொல்லாமல் வாழ்ந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவே ஒரு பொய்யாகிவிடும். ஆனாலும் ஏதாவது ஒரு சின்னக் கதவு எனக்கு மட்டும் திறந்து, சத்தமில்லாமல் நுழைந்துவிடலாம் என்று கால் எடுத்து வைக்கிறபோதெல்லாம், பயத்தோடு நின்றபடி தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காகக் கேட்ட அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் முன்னால் நான் ரொம்பவும் சின்னவனாகிவிடுகிறேன்.